முகம் வாடாமல் அனுப்புகிறவர்

அக்காவிடம் பொன்னாடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மஞ்சள் நிறம், ஓரத்தில் சரிகை. எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனுக்கு வாக்குக் கேட்டு வந்த எல்லாக் கட்சிக்காரர்களின் தோளிலும் அந்த ஒரே பொன்னாடைதான் ஏறி இறங்கியது. வந்தவர் கோயில் முன்னால் போட்ட கதிரையில் உட்காருவார். மேளம் அடங்கும். அக்கா பொன்னாடையைப் போர்த்திக் கும்பிடுவார். பிறகு தேத்தண்ணியும் ரொட்டியும் வரும். கோப்பை வந்தவர் கைக்குப் போகிற நேரம் பார்த்து, "தேத்தண்ணி கொட்டிறப் போவுது, குடுங்கய்யா, நான் பத்திரமா வச்சிக்கிறேன்" என்று அக்கா அதை உருவி மடித்துக்கொள்வார். திரும்பக் கேட்டவர் ஒருவரும் இல்லை. அடுத்த வாரம் எதிர்க்கட்சிக்காரர் தோளில் அதே பொன்னாடை. நாங்கள் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

"சிரிக்காதீங்கடி. வர்றவங்கள மொகம் வாடாம அனுப்பிடணும். அம்புட்டுத்தான் நம்ம வேல" என்பார்.

அக்காவின் பெயரைச் சொல்லமாட்டேன். அவர் இப்போது பிரதேச சபை மெம்பர். நான் பெயரைச் சொல்லி, அது அவர் காதுக்குப் போய், எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வருகிற தண்ணீர்க் குழாயும் நின்றுபோனால் என்ன செய்வது? எனக்கு யோசனை அப்படித்தான் ஓடும். எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படித்தவர்கள் எதற்குப் பயப்படவேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துவைத்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. எனக்கு அந்தப் பிரிப்புத் தெரியாது. எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பயப்படுவேன்.

எங்கள் டிவிசன் மாத்தளை மலையில், எல்கடுவையிலிருந்து இன்னும் மேலே. ரோட்டு அங்கே வந்து முடிந்துவிடும். அதற்குப் பிறகு தேயிலையும் காடும்தான். லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், அக்கா இருந்தார். மாதர் சங்கத் தலைவி. கட்டையான உடம்பு, பெரிய பொட்டு, வாயில் எப்போதும் வெற்றிலை. யாராவது தலையைக் குனிந்துகொண்டு அவர் வாசலுக்குப் போனால் என்ன ஏது என்று முதலில் கேட்கமாட்டார். தாடைக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து முகத்தைத் தூக்குவார். "இப்ப சொல்லு" என்பார். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த கை, மரப்பட்டை மாதிரி சொரசொரப்பாக இருக்கும். ஆனால் அந்தக் கையின் சூட்டிலேயே பாதிப் பயம் போய்விடும்.

நான் அந்த வாசலுக்குப் போனதற்குக் கணக்கில்லை. மழை விடாமல் பெய்தால் மேட்டு மண் சரியுமோ என்று போவேன். கொழும்பில் கடையில் வேலை செய்கிற புருஷன் போன் எடுக்காவிட்டால் போவேன். ஒருதடவை மகள் தர்ஷினியின் காலில் அட்டை கடித்த இடம் வீங்கியதற்குப் போனேன்.

"ஒனக்கு அட்ட கடிச்சாலும் பயம், கடிக்காட்டி ஏன் கடிக்கலன்னு பயம்" என்று சிரித்தார். பிறகு, "ஒண்ணும் ஆவாது புள்ள. நான் சொல்றேன்ல" என்றார்.

அவர் சொன்னபடி ஒன்றும் ஆகவில்லை. மழை நின்றது. புருஷன் போன் எடுத்தார். வீக்கம் வற்றியது. மழை இவர் சொல்லியா நின்றது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

லயத்தில் குழாயடியில் சண்டை வரும். ஒருத்தி குடத்தை மற்றவள் தள்ளிவைத்தாள் என்று தொடங்கி, செத்துப்போன மாமியார்வரை போகும். அக்கா போய் ஒருத்தியை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசுவார். பிறகு மற்றவளை. இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு தங்கள் காம்பராவுக்குப் போவார்கள். சாயங்காலம் ஒருத்தி என்னிடம் வந்து, "அக்கா சரியா சொல்லிட்டாங்க, தப்பு அவ மேலதான்னு" என்பாள். கொஞ்ச நேரத்தில் மற்றவளும் வந்து அதையே சொல்வாள். சண்டை தீர்ந்ததா இல்லையா என்று எனக்கு விளங்காது. ஆனால் லயம் அமைதியாக இருக்கும். அது போதும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

இன்னொரு சம்பவமும் ஞாபகம் வருகிறது. கீழ் லயத்தில் ஒரு தாத்தா இழுத்துக்கொண்டு கிடந்தார். கொழும்புக்குப் போன மகனை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மகனுக்குப் போன் போட்டோம், கிடைக்கவில்லை. அக்கா உள்ளே வந்தார். தாத்தாவின் காதுக்குக் கிட்டக் குனிந்து, "மகன் எல்கடுவைக்கு வந்து எறங்கிட்டானாம். மேல ஏறி வந்துக்கிட்டிருக்கான்" என்று உரக்கச் சொன்னார். தாத்தாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அப்படியே போய்விட்டார்.

மகன் வந்தது அடக்கம் முடிந்த பிறகு. நடந்ததைக் கேள்விப்பட்டு அக்காவின் வாசலில் வந்து நின்று கத்தினான். "நான் வந்துட்டேன்னு எங்கப்பன்கிட்ட யாரு பொய் சொன்னது? என்னைய கேட்டுக்கிட்டே போயிட்டாருன்னா நான் இப்ப அழுது தீத்திருப்பேன். வந்துட்டான்னு நெனச்சுக்கிட்டு போயிட்டாரே. நான் இப்ப எந்தக் கணக்குல அழுவுறது?"

அக்கா கோபப்படவில்லை. அவன் முகத்தைத் தூக்கி, "சந்தோசமா போனாருடா தம்பி" என்றார். அவனும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டான். லயமே அக்காவைப் புகழ்ந்தது. நானும் புகழ்ந்தேன். எனக்குச் சாவு வரும்போதும் அக்கா பக்கத்தில் இருக்கவேண்டும் என்று புருஷனிடம் சொல்லிவைத்தேன். அந்த மகன் கேட்ட கேள்வி மட்டும் உள்ளே எங்கேயோ முள்ளாகக் கிடந்தது. அதை எடுத்துப் பார்க்கப் பயந்து விட்டுவிட்டேன்.

பஸ் கதைக்கு வருகிறேன்.

எங்கள் டிவிசனுக்கு ஒரு அரசாங்க பஸ் இருந்தது. விடியும்போது ரோட்டு முடிகிற இடத்திலிருந்து கிளம்பி எல்கடுவை, உக்குவளை வழியாக மாத்தளைக்குப் போகும். சாயங்காலம் திரும்பி ஏறும். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கிளினிக்குக்குப் போகிற கர்ப்பிணிகள், சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிற கிழடுகட்டைகள் எல்லாம் அதில்தான். பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில் அதை நிறுத்தினார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். பெட்ரோல் வந்தது. வரிசை போனது. பஸ் மட்டும் வரவில்லை. டிப்போவில் போய்க் கேட்டால் ஒரு நாள் சாரதி இல்லை என்பார்கள், ஒரு நாள் ரோட்டு சரியில்லை என்பார்கள், ஒரு நாள் உங்கள் மேட்டில் ஏற ஆள் இல்லை என்பார்கள். பஸ்ஸே வராத இடத்தில் ஏறுகிற ஆளை எப்படிப் பார்ப்பது என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

அதுவரைக்கும் நாங்கள் வாக்குப் போட்ட விதம் வேறு. எங்கப்பா ஒரு சின்னத்துக்குப் போட்டார், அதனால் நானும் அதற்குப் போட்டேன். தொழிற்சங்கம் மாறச் சொன்னபோது மாறினோம். யார் வந்தால் என்ன கிடைக்கும் என்று பார்த்து வாக்குச்சீட்டில் புள்ளடி போட்டதே இல்லை. பஸ் நின்ற பிறகுதான் அந்த யோசனை வந்தது. கிளினிக்குக்கு நடந்துபோன ஒரு பிள்ளைத்தாய்ச்சி பாதி வழியில் மயங்கி விழுந்து, கொழுந்துச் சாக்கில் கிடத்தித் தூக்கிக்கொண்டுபோன நாளில், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பெண்கள் எல்லோரும் ஒரே வாயாகப் பேசினார்கள்.

"பிரதேச சபை எலெக்சன் வருதுல்ல? இந்தத் தடவ சின்னம் கின்னம் பாக்குறதில்ல."

"அப்ப எதப் பாக்குறது? மாப்பிள்ள மாதிரி மூஞ்சியவா?"

"பஸ்ஸ பாக்குறது. எவன் பஸ்ஸ மேல ஏத்துறானோ அவனுக்குத்தான் புள்ளடி."

"கூரைக்கு தகரம் குடுத்தா?"

"தகரத்துல ஏறியா கிளினிக்குக்கு போவ?"

அக்காதான் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோனார். எங்கள் பக்கத்தில் வாயால் சொன்னது காற்றோடு போகும். மாரியம்மன் முன்னால் கற்பூரத்தை ஏற்றி அதன்மேல் கையை வைத்துச் சொன்னது போகாது. ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் ஒருவர் வந்து கையை வைத்தோம். அக்கா சொல்லிக்கொடுக்க நாங்கள் சொன்னோம்: பஸ் வராமல் புள்ளடி இல்லை. பஸ்ஸைக் கொண்டுவருகிறவருக்கே எங்கள் எல்லோருடைய புள்ளடியும்.

அப்போது கீழ் லயத்துத் தம்பி ஒருவன், லொறியில் வேலை செய்கிறவன், "வந்தா மட்டும் போதுமா அக்கா? வந்தது நெலைக்கணுமே. அதையும் சேத்து சொல்லுங்க" என்றான்.

"டேய், அம்மன் முன்னால நின்னுக்கிட்டு பேரம் பேசுறியா? வாய்ல போட்டுக்க" என்று அக்கா அதட்டினார். எல்லோரும் அவனைத்தான் முறைத்தோம். நான் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டேன்.

அந்த வருடம் தர்ஷினி ஓ.எல். பரீட்சை நன்றாகச் செய்திருந்தாள். அடுத்த வகுப்பான ஏ.எல். படிக்க மாத்தளை டவுன் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. எங்கள் லயத்தில் அதற்கு முன்னால் ஒரு பிள்ளைக்கும் அது நடந்ததில்லை. ஆனால் போவது எப்படி? விடியும் முன்னால் இருட்டில் காட்டோரமாக எல்கடுவைவரைக்கும் இறங்கவேண்டும். பன்றி இருக்கும். சிறுத்தை இருக்கிறது என்பார்கள். மனிதரும் இருப்பார்கள், எனக்கு அந்தப் பயம்தான் பெரிது. டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற விடுதி ஒன்றில் விசாரித்தேன். ஒரே ஒரு கட்டில் காலியாக இருந்தது. "யோசித்துச் சொல்லுங்கள் அம்மா, உங்களுக்காகப் பிடித்துவைக்கிறேன்" என்று சிஸ்டர் சொன்னார். பிள்ளையைப் பிரிந்திருக்கவேண்டுமே என்று நான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் பஸ் வந்தது.

வேட்பாளர்களில் ஒருவர் சொன்னபடி செய்துவிட்டார். எலெக்சனுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு காலையில் ஹோர்ன் சத்தம் கேட்டு எல்லோரும் வெளியே ஓடினோம். சிவப்புப் பஸ் வளைவில் ஏறி வந்துகொண்டிருந்தது. அக்கா டயர்களுக்குக் கீழே எலுமிச்சங்காய் வைத்தார். கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்தார். சாரதி ஒரு சிங்கள ஆள், நடுவயசு, வெட்கப்பட்டுக்கொண்டே இறங்கினார். அவர் தோளில் அந்த மஞ்சள் பொன்னாடையைப் போர்த்திவிட்டு, அக்கா அவரோடு பஸ்ஸுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பேசினார். பொன்னாடை அன்றைக்குத் திரும்பி வரவில்லை. சந்தோஷத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை.

அந்த நாட்களை என்னால் மறக்கமுடியாது. வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு தர்ஷினி பஸ்ஸில் ஏறுவாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கையைக் காட்டுவாள். நான் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போவேன். நெஞ்சு லேசாக இருக்கும். இருமலுக்கு மருந்தெடுக்காமலே கிடந்தவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். ஒரு கிழவி எந்த வேலையும் இல்லாமல் மாத்தளைவரைக்கும் போய், ஸ்டாண்டில் ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். கேட்டதற்கு, "எம் புள்ளடியில வந்த பஸ்ஸு, நான் ஏறிப் பாக்கக் கூடாதா?" என்றாள்.

சிஸ்டருக்குப் பதில் சொல்லவேண்டிய நாள் வந்தது. எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. அக்காவிடம் போனேன்.

"விடுதிக் கட்டில வுட்டுறலாமா, எதுக்கும் பிடிச்சு வச்சுக்கலாமான்னு தெரியலக்கா. பஸ்ஸு திரும்ப நின்னுட்டா?"

அக்கா என் தாடையைத் தூக்கினார். "வாசல்ல பஸ்ஸு நிக்குது. இவ புள்ளைய கொண்டுபோயி அடுத்தவங்க கட்டில்ல போடப் போறாளாம். ஒன் கையால சோறு தின்னுட்டு வீட்டுல படிச்சா கொறஞ்சா போயிரும்?"

"இல்லக்கா, ஒரு வேள…"

"ஒனக்கு எல்லாம் ஒரு வேளதான். போன குடு."

என் கையிலிருந்து போனை வாங்கினார். சிஸ்டரின் நம்பரைத் தேடி எடுக்கச் சொன்னார். அவரே பேசினார். "சிஸ்டர், எங்க புள்ள வீட்டுல இருந்தே வரும். பஸ்ஸு வந்துருச்சு. நீங்க அந்த எடத்த வேற ஏழப் புள்ளைக்கு குடுங்க. புண்ணியமா போவும்." போனைத் திருப்பித் தந்துவிட்டு, "பாத்தியா, எம்புட்டு லேசு" என்று சிரித்தார். எனக்கும் லேசாகத்தான் இருந்தது. அழுகை வந்தது. சந்தோஷ அழுகை.

எலெக்சன் நாளில் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நின்றோம். சிலருக்கு அந்த ஆளைப் பிடிக்காது. அவர் அப்பன் அந்தக் காலத்தில் எங்களை எப்படிப் பேசினார் என்று முணுமுணுத்தார்கள். ஆனாலும் போட்டார்கள். கற்பூரத்தில் கையை வைத்தாகிவிட்டதே. எனக்கு வேறு பயமும் இருந்தது. எண்ணும்போது எங்கள் வட்டாரம் யாருக்குப் போட்டது என்று வெளியே தெரிந்துவிடும். மாற்றிப் போட்டால் அம்மனுக்கும் தெரியும், கட்சிக்கும் தெரியும். பென்சில் கோடு கட்டத்துக்கு வெளியே போய்விடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன்.

அவர் ஜெயித்தார். இரண்டு நாள் பட்டாசு. அதோடு இன்னொரு செய்தியும் வந்தது. அவர் கட்சியில் பெண்களுக்கு என்று ஒதுக்குகிற பட்டியலில் அக்காவின் பெயரும் இருந்ததாம். அக்காவும் மெம்பர். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அவருக்கு மாலை போட்டு லயத்தைச் சுற்றி ஊர்வலம் கொண்டுபோனோம். ஆரத்தித் தட்டைப் பிடித்தது நான்.

அடுத்த திங்கட்கிழமை பஸ் வரவில்லை. தர்ஷினி வெள்ளை உடுப்போடு ரோட்டு முனையில் நின்றாள். ஏதும் பழுதாக இருக்கும் என்றோம். செவ்வாயும் நின்றாள். புதன்கிழமை நான் அவளைக் கூட்டிக்கொண்டு இருட்டில் எல்கடுவைக்கு இறங்கினேன். அங்கிருந்து மாத்தளைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால், சாரதி அதே ஆள். அவர் இருக்கையின் முதுகில் மஞ்சள் பொன்னாடை விரித்திருந்தது.

"மாத்தயா, எங்க பஸ்ஸு ஏன் வரல? பழுதா?" என்று கேட்டேன்.

அவர் என்னையும் பிள்ளையையும் பார்த்தார். "பழுது இல்ல அம்மா. நமக்கு சொன்னதே எலெக்சன் வரைக்கும்தான். வேற ரூட்டுல இருந்து கழட்டி அனுப்புன பஸ்தானே அது. இப்ப அதே ரூட்டுக்கு போயிட்டுது."

"எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலையே!"

"சால்வை போட்ட அந்த நோனாவுக்கு தெரியும்தானே? மொதல் நாளே நான் சொன்னேன். பாவம் மனுசங்க, சும்மா நம்புவாங்க, சொல்லிருங்கன்னு சொன்னேன். நோனா சொன்னா, நான் சொல்லிக்கிறேன், நீங்க சொல்லாதீங்க, மனசு ஒடஞ்சிரும்னு. இந்த சால்வையும் குடுத்தா." அவர் ஒரு கையால் பொன்னாடையைத் தடவினார். "எனக்கு எதுக்கு அம்மா இது? வேணுன்னா நீங்க எடுங்க."

நான் எடுக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் அது என் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஆடியது.

மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேரே விடுதிக்குப் போனேன். சிஸ்டர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அந்தக் கட்டிலுக்கு நாங்கள் வேண்டாம் என்ற அன்றைக்கே வேறு தோட்டத்துப் பிள்ளை ஒன்று வந்துவிட்டதாம். "அடுத்த வருடம் பார்க்கலாம் அம்மா" என்றார். பின்னால் மண்டபத்தில் பிள்ளைகள் சேர்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எந்தக் குரல் எங்கள் இடத்துக்கு வந்த பிள்ளையின் குரல் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் அக்காவின் காம்பராவுக்குப் போனேன். அவர் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். மெம்பருக்கு டவுனில் இருந்தால்தான் வசதி என்று மாத்தளையில் வீடு பார்த்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டிக்கொண்டு வந்தார். நான் பின்னால் நகர்ந்தேன். என் வாழ்க்கையில் அவருடைய கைக்கு நகர்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஒங்களுக்குத் தெரியுமாமே" என்றேன்.

எது என்று அவர் கேட்கவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்தார். "தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே அம்புட்டுப் பேரு மொகமும் விழுந்திருக்கும். நான் எப்புடி புள்ள பாத்துக்கிட்டு நிப்பேன்? கொஞ்ச நாளாவது ஏறிப் போனீங்கல்ல? எவனுக்குப் போட்டிருந்தாலும் ஏமாத்தத்தான் போறானுவ. இவன் பஸ்ஸயாவது கண்ணுல காட்டிட்டு ஏமாத்துனான்."

"அது ஊருக்கு. எங்கிட்ட? எம் புள்ளையோட எடத்த நீங்கதானே போன்ல வேணாம்னு சொன்னீங்க? நின்னுரும்னு தெரிஞ்சுக்கிட்டே?"

வெற்றிலையை வாயின் மற்றப் பக்கத்துக்கு மாற்றினார். பிறகு, எனக்கு ஏதோ புத்தி சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"யோசிச்சுப் பாரு. எலெக்சனுக்கு முன்னால நீ ஒம் புள்ளைய போர்டிங்ல கொண்டுபோயி போட்டா லயம் என்னா கேக்கும்? பஸ்ஸு இருக்கும்போது இவ ஏன் போர்டிங்குக்கு அனுப்புறா, அப்ப பஸ்ஸு நிக்கப் போவுதான்னு கேக்கும்ல? நீ பயந்தவன்னு தெரியும். ஆனா ஒன் பயம் எத்தன பேருக்கு ஒட்டும்?"

ஒரு கட்டில், ஒரு பிள்ளை, அதுகூட அவருக்கு வாக்குக் கணக்கில் இடித்திருக்கிறது. முகத்தைத் தூக்கிய கைதான் போனையும் வாங்கியது. கத்தவேண்டும் என்று நினைத்துப் போனேன். கத்த வரவில்லை. செத்த தாத்தாவின் மகன் அன்றைக்கு இந்த வாசலில் கேட்டதை அப்போதுதான் முழுசாக விளங்கிக்கொண்டேன்.

"ஒண்ணும் ஆவாது புள்ள. அடுத்த வருசம் நானே அந்த சிஸ்டர்கிட்ட பேசுறேன். இப்ப நான் மெம்பருல்ல" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே வந்துவிட்டேன்.

நான் சொல்லித்தான் லயத்துக்கு விஷயம் தெரிந்தது. மடுவத்தில் பெரிய பேச்சு நடந்தது. லொறித் தம்பி யாரையும் குத்திக்காட்டவில்லை, அதுதான் அதிகமாகக் குத்தியது. "இனி எவனுக்கும் போடுறதில்ல" என்றார்கள் பாதிப்பேர். "போடாட்டி நம்மள கணக்குலயே எடுக்கமாட்டானுவ, பக்கத்து டிவிசனப் பாரு" என்றார்கள் மீதிப்பேர். ஒரு கிழவர், "நான் எங்கப்பன் சின்னத்துக்கே திரும்பப் போறேன். அது ஒண்ணும் தராது. ஆனா தர்றேன்னும் சொல்லாது" என்றார். பஸ் ஆசையில் ஏறிப் போய்வந்த கிழவி மட்டும் தன் கையை விரித்து, கற்பூரம் சுட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவைத் திட்டியவர்கள்கூட அவர் சாமான் ஏற்றும்போது போய்த் தூக்கிக் கொடுத்தார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் கண் கலங்கி விடைபெற்றார். அந்தக் கண்ணீர் பொய் என்று என்னால் சொல்லமுடியாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தர்ஷினி நடந்தே போனாள். நானும் விடியும் முன்னால் எல்கடுவைவரைக்கும் கூடப் போய்விட்டு ஓடிவந்து வேலைக்குப் பெயர் கொடுப்பேன். பிந்தினால் அன்றைக்கு அரை நாள் சம்பளம்தான். சாயங்காலம் அவள் திரும்பி ஏறி வரும்வரைக்கும் ரோட்டு முனையில் நிற்பேன். பெருமழைக் காலம் வந்தது. பாதையில் மண் சரிந்தது. ஒரு நாள் வளைவில் இரண்டு பேர் அவளுக்குப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார்கள். ஒன்றும் செய்யவில்லை, சிரித்துக்கொண்டே வந்தார்களாம். அவள் அதை அன்றைக்கு என்னிடம் சொல்லவில்லை. என் பயம் தெரியும் அவளுக்கு. ஒரு காலையில் எழுந்து உடுப்பைப் போடாமல் அடுப்படியில் உட்கார்ந்தாள். "போதும்மா" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. என் நெஞ்சு ஒரு பக்கம் உடைந்தது. இன்னொரு பக்கம் அன்றைக்கு இரவு நிம்மதியாகத் தூங்கிற்று. அதற்காகவும் எனக்கு என்மேல் வெறுப்பு.

போன மாதம் அக்கா வந்தார். கட்சி வேனில். கொண்டை, நல்ல சேலை, கையில் பழப்பை. தர்ஷினி படிப்பை விட்டதைக் கேள்விப்பட்டாராம். மாத்தளையில் கட்சிக்காரர் ஒருவருடைய புடவைக் கடையில் வேலை, தங்க இடமும் உண்டு, எல்லாம் பேசிவிட்டேன் என்றார். "கொழுந்து கிள்ள வுட்டுருவேனா எம் பாப்பாவ? திங்கட்கெழம வேன அனுப்புறேன்."

நான் கதவோரம் நின்றேன். வேண்டாம் என்று சொல்ல வாய் துடித்தது. வேண்டாம் என்றால் பிறகு என்ன இருக்கிறது என்றும் உள்ளே ஒரு பக்கம் கேட்டது.

தர்ஷினிதான் பேசினாள். அவள் குரலில் கோபம் இல்லை. கடையில் விலை கேட்பதுபோலக் கேட்டாள்.

"இது எத்தன நாளைக்கு அத்தை?"

அக்கா சிரித்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு வேன்காரன் ஹோர்ன் அடிக்கிறான் என்று எழுந்துகொண்டார். எனக்கு எந்த ஹோர்னும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தர்ஷினி தன் புத்தகங்களை அடுத்த வருடம் ஏ.எல். படிக்கப்போகிற பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். உடுப்புகளை ஒரு பையில் அடுக்கினாள். திங்கட்கிழமை விடிந்தபோது அந்த வேன் வளைவில் ஏறி வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். எங்கள் மேட்டிலிருந்து இறங்க அன்றைக்கு வேறு வண்டி இருக்கவில்லை.